துரோகி என்று முழங்கும் முன்: மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சி மேடைகளிலும் பேசுகிற பேச்சாளர்களுக்கு,



தலைமைக் கழகப் பேச்சாளர், நட்சத்திரப் பேச்சாளர், மாவட்டப் பேச்சாளர், வேட்பாளரின் வண்டி வந்து சேரும்வரை தெருமுனையில் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் பேச்சாளர் என்று உங்களில் பல படிகள் உண்டு. படி எதுவானாலும் கொடி எதுவானாலும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். பொதுக்கூட்டச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதித் தருவது என் தொழிலாக இருந்தது. மேடைக்குக் கீழே உட்கார்ந்து உங்களுக்கு முந்திய தலைமுறையின் பேச்சையும் கேட்டேன், உங்கள் பேச்சையும் கேட்கிறேன். உங்கள் கலையின் மேல் எனக்குள்ள மரியாதையால்தான் ஒரு வேண்டுகோளை வைக்கத் துணிகிறேன்.

மென்மையாகப் பேசுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. சூடில்லாத மேடையை இந்த மண் மதித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அரசியலைக் கொண்டு சேர்த்தது மேடைதான். பட்ஜெட்டையும் மாநில உரிமையையும் டீக்கடை வரைக்கும் பேசவைத்ததும் மேடைதான். வள்ளுவர் சொல்வன்மையையும் அவையறிதலையும் அமைச்சியலில் வைத்தார். பேசத் தெரிவதும், யார் முன்னால் பேசுகிறோம் என்று தெரிவதும் ஆட்சிக்கு வேண்டிய தகுதிகள் என்பது அந்த வைப்புமுறையிலேயே இருக்கிறது. அந்தத் தகுதி உடையவர்கள் நீங்கள் என்பதால்தான் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன். அந்தச் சொல் 'துரோகி'.

சுமை ஏறாத சொல் அரசியலில் கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2006 தேர்தலில் 'இலவச வண்ணத் தொலைக்காட்சி' என்று வாக்குறுதி தரப்பட்டது. 2011க்குப் பிறகு அதே வகைத் திட்டங்கள் 'விலையில்லா மிக்சி', 'விலையில்லா மடிக்கணினி' ஆயின. 2022 ஜூலையில் பிரதமர் இத்தகைய திட்டங்களை 'ரேவடி' பங்கிடுவது என்று சாடினார். எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் வடநாட்டு மிட்டாய் அது. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அரசு மக்களுக்குக் கொடுக்கிறது என்ற ஒரே செயலுக்கு எத்தனை பெயர்கள், பாருங்கள். இலவசம் என்றால் வாங்குகிறவரின் கை தாழ்கிறது. விலையில்லா என்றால் அந்தத் தாழ்வு மறைகிறது. உரிமை என்றால் கொடுக்காமல் விடுவது அரசின் குற்றமாகிறது. ரேவடி என்றால் கொடுக்கிறவர் ஏமாற்றுக்காரர் ஆகிறார்.

'மத்திய அரசு', 'ஒன்றிய அரசு' என்ற சண்டையும் இப்படிப்பட்டதுதான். 2021இல் ஆட்சி மாறியதும் இரண்டாவது சொல் அரசின் அறிக்கைகள் வரை போயிற்று. அரசியலமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது என்று ஒரு தரப்பு வாதாடியது; வழக்கத்தை மாற்றுவதில் உள்நோக்கம் இருக்கிறது என்றது மறுதரப்பு.

இந்தச் சொற்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஒவ்வொன்றும் ஒரு வாதத்தைச் சுருக்கித் தாங்கி நிற்கிறது. எது உரிமை, எது சலுகை என்று எதிராளி கேட்கலாம். நிதிநிலை அறிக்கையை எடுத்துவைத்துப் பதில் சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பவர் இரண்டையும் எடைபோடலாம். அப்படிப்பட்ட சொல்லை எவ்வளவு கூர்மையாகச் செதுக்கினாலும் தகும். அதுதான் உங்கள் தொழில்திறம்.

'துரோகி' இந்த வகையில் சேராது. ஒருவர் இன்ன தேதியில் இன்ன தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார் என்றால் அது குற்றச்சாட்டு. அது சரியா தவறா என்று அவர் விளக்கலாம். துரோகி என்றால் குற்றச்சாட்டும் விசாரணையும் தீர்ப்பும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. என்ன செய்தார் என்பது சொல்லப்படவே இல்லை. ஆகவே மறுக்கவும் எதுவும் இல்லை. 'நான் துரோகி இல்லை' என்று அவர் சொன்னால், துரோகி வேறெப்படிப் பேசுவான் என்று கூட்டம் சிரிக்கும். பதில் சொல்ல இடம் தராத சொல் வாதத்தில் சேராது என்பதே என் அடிப்படைக் கருத்து.

இந்தச் சொல் நம் மேடைகளில் இவ்வளவு வேகமாகப் பற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கட்சிகள் குடும்பத்தின் மொழியில் பேசுகின்றன. அண்ணா 'தம்பிக்கு' என்று கடிதம் எழுதினார். கலைஞர் 'உடன்பிறப்பே' என்று எழுதினார். எம்.ஜி.ஆர். தொண்டர்களை ரத்தத்தின் ரத்தம் என்று அழைத்தார். ஜெயலலிதா 'அம்மா' ஆனார். இன்றும் மேடைக்கு மேடை அண்ணன்களும் தம்பிகளும் இருக்கிறார்கள். இந்த அழைப்புகள் பொய்யல்ல. சாதியும் வறுமையும் தள்ளிவைத்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு வீட்டுக்குள் வந்த உணர்வைத் தந்தவை அவை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சங்கத்தை விட்டுப் போகிறவர் விலகிய உறுப்பினர். வீட்டை விட்டுப் போகிறவர் குலத்தைக் கெடுத்தவர். கருத்து வேறுபாட்டுக்கு நம் கட்சிகளின் அகராதியில் இடம் சுருங்கிப் போனது. வேறுபட்டவரை அழைக்க ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது.

1949இல் திராவிடர் கழகத்திலிருந்து அண்ணாவும் தோழர்களும் பிரிந்தபோது பெரியார் அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று எழுதினார். கேலியும் கோபமும் கலந்த பெயர்தான் அது. ஆனாலும் அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டே அவர்கள் கட்சி வளர்த்தார்கள். 1967இல் ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆட்சியையே பெரியாருக்குக் காணிக்கை என்றார் அண்ணா. கேலிப் பெயரிலிருந்து மீண்டு வர வழியிருந்தது.

1972ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். அந்த அக்டோபரில் திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் கட்சிக் கணக்கைக் கேட்டார். சில நாட்களில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. எழுந்த கேள்வி கணக்கைப் பற்றியது. அது சரியான கேள்வியா, கேட்ட இடம் சரியா, கணக்கு சரியாக இருந்ததா என்று மூன்றையும் பேசியிருக்கலாம். மேடைகளில் நடந்ததோ யார் அண்ணாவுக்குத் துரோகி என்ற பட்டிமன்றம். இரு பக்கமும் அதே சொல்லைத்தான் எறிந்தன. கணக்கு என்ற விஷயம் அந்தப் புழுதியில் காணாமல் போனது. கேள்வியை விழுங்குவதற்கு இதைவிடத் தோதான சொல் கிடையாது என்பதை அன்றைய இரண்டு முகாம்களும் நமக்குக் காட்டின.

1993ஐயும் மறக்க வேண்டாம். தலைவரின் உயிருக்கே ஆபத்து என்ற அளவுக்குக் குற்றச்சாட்டு உயர்ந்து, வைகோ தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். ஒரு பக்கம் அவர் துரோகி. மறுபக்கம் அவரை நீக்கியவர்கள் துரோகிகள். அந்த நாட்களில் நீக்கத்தைப் பொறுக்காத தொண்டர்கள் சிலர் தீக்குளித்து உயிரைவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? 1999 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.வும் வைகோ தொடங்கிய கட்சியும் ஒரே அணியில் நின்றன. மறுபடி பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. 2019இல் தி.மு.க.வின் ஆதரவோடு வைகோ மாநிலங்களவைக்குப் போனார். தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டதில் தவறே இல்லை. அரசியலில் சமரசம் தேவை, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை அப்படியே நம்பி உடலில் நெருப்பு வைத்துக்கொண்டவர்கள் எந்தக் கூட்டணிக்கும் திரும்பி வரவில்லை. மேடையில் நிற்பவருக்கு அது அன்றைய மாலைப் பேச்சு. கீழே நிற்பவரில் யாரோ ஒருவருக்கு அது சாசனம்.

2017ஐ உங்களில் இளைஞர்களும் நினைவில் வைத்திருப்பீர்கள். பிப்ரவரி 7ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ. பன்னீர்செல்வம் அமர்ந்தார். அன்று தொடங்கிய 'தர்மயுத்தம்' ஒரு சாராருக்கு வீரம், மறு சாராருக்குத் துரோகம். ஆகஸ்டு 21ஆம் தேதி அ.தி.மு.க.வின் இரண்டு அணிகளும் இணைந்தன. அவர் துணை முதலமைச்சரானார். 2022 ஜூலை 11ஆம் தேதி பொதுக்குழு அவரை நீக்கியது. பழைய சொல் மறுபடி மேடைக்கு வந்தது. ஒரே மனிதரை ஐந்தாண்டுகளில் இரண்டு முறை துரோகியாக்கி, நடுவில் ஆட்சியின் இரண்டாவது நாற்காலியில் அமர்த்த முடிகிறது என்றால் அந்தச் சொல் அவரைப் பற்றி நமக்கு எதையுமே சொல்லவில்லை என்று பொருள்.

உங்களில் பலர் 'துரோகி' என்று நேரடியாகச் சொல்லாமல், கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பொருளில் 'எட்டப்பன்' என்பீர்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது உண்மை. ஆனால் எட்டப்பன் என்பது ஒரு தனி மனிதரின் பெயரன்று. எட்டயபுரத்து ஆட்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பட்டம். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியிருப்பதும், முத்துசுவாமி தீட்சிதர் இறுதி நாட்களைக் கழித்ததும், சுப்பையா என்ற சிறுவன் பாரதி ஆனதும் அந்த ஊரில்தான். நாம் மேடையில் ஒருவரை இழிவுபடுத்த ஒரு பட்டத்தை, ஒரு மரபை, ஓர் ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். யார் என்ன செய்தார் என்ற வரலாறு சிக்கலானது. அந்தச் சிக்கலைப் படிக்க வேண்டாம் என்று கூட்டத்துக்குச் சலுகை தருவதுதான் இந்தப் பெயரின் வேலை.

இதே சொல் எதிர்ப்பக்கத்திலிருந்து நம் முன்னோர் மேல் விழுந்ததையும் எண்ணிப் பாருங்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போதும் அதைத் தொடர்ந்தும் வ.உ. சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகள், தமிழ் அரசியல் மேடையின் தொடக்கங்களில் முக்கியமானவை. தொழிலாளரும் கடைக்காரரும் சேர்ந்து கேட்ட தமிழ்ப் பேச்சுகள் அவை. அவற்றுக்காக அவர்கள் மேல் வந்த வழக்கின் பெயர் ராஜதுரோகம். நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டும் சிதம்பரத்துக்கு இரட்டை ஆயுளும் விதித்தார்; மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. சிறையில் செக்கிழுத்தவருக்கு அரசு தந்த பெயர் ராஜதுரோகி. இன்று நாம் வைத்திருக்கும் பெயர் கப்பலோட்டிய தமிழன். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் சாயும் சொல் இது. மேடைத் தமிழின் முன்னோர்களையே சிறைக்கு அனுப்பிய சொல்லை, அந்த மேடையின் வாரிசுகளாகிய நீங்கள் இத்தனை எளிதாகக் கையாளலாமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தால் ஓரளவுக்குத்தான் முடியும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றி, உண்மை என்று நம்பாமலேயே பொய்யான தகவலை வெளியிடுவதை முறைகேடு என்கிறது. கவனியுங்கள்: அது பொய்த் தகவலைத்தான் பிடிக்கும். 'லஞ்சம் வாங்கினார்' என்பது தகவல். அதை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவலாம். 'துரோகி' என்பதில் தகவலே இல்லை. அதனால் பொறுப்போடு ஒரு குற்றச்சாட்டைச் சொல்பவர் மாட்டிக்கொள்கிறார். எதையும் சொல்லாமல் பெயர் மட்டும் சூட்டுகிறவர் நழுவிவிடுகிறார். சட்ட ஆணையம் 2017இல் தந்த 267ஆவது அறிக்கையில் வெறுப்புப் பேச்சுக்குத் தனிப் பிரிவுகள் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் வெறுப்புப் பேச்சு என்பதற்குத் தனி வரையறை இல்லை. தேர்தல் ஆணையம் பெரும்பாலும் பிரசாரத்துக்குத் தடை போடுவதோடு நிறுத்திக்கொள்ளும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வின் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம் தடை விதித்தது. 2020 டெல்லி தேர்தலில் பா.ஜ.க.வின் அனுராக் தாக்கூருக்கு 72 மணி நேரம். அந்த நேரம் முடிந்ததும் தடையும் முடிந்துவிடும்.

அந்த டெல்லித் தடைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே மேடையில் ஒலித்ததும் துரோகி என்ற பொருளுடைய சொல்தான். 2020 ஜனவரி 27ஆம் தேதி ரிதாலா கூட்டத்தில், தேசத்தின் துரோகிகளை என்ன செய்ய வேண்டும் என்பது போன்ற பாதி முழக்கத்தை மேடை எழுப்பியது. சுடுங்கள் என்ற மறுபாதியைக் கூட்டம் நிறைவு செய்தது. மேடையிலிருந்தவர் வாயிலிருந்து அந்த மறுபாதி வரத் தேவையே இருக்கவில்லை. ஜனவரி 30ஆம் தேதி ஜாமியா பல்கலைக்கழகத்துக்கு அருகே போராட்டக்காரர்களை நோக்கி ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். ஒரு மாணவர் காயமடைந்தார். முழக்கம்தான் அதற்குக் காரணம் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. துரோகி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் எப்போதும் காத்திருக்கிறது, கூட்டம் அதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு அந்த முழக்கமே சான்று.

நம் மொழியிலேயே இதற்கு இன்னும் கனமான சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 1970களின் மேடைகளைச் சொல்கிறேன். தமிழர்கள் மேல் இலங்கை அரசு இழைத்த அநீதிகளுக்குக் குறைவில்லை. சிங்களம் மட்டும் சட்டம், தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பு, 1974 ஜனவரி 10ஆம் தேதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் நேர்ந்த சாவுகள், 1981இல் எரிந்த நூலகம், 1983 ஜூலை. இவை எதையும் ஒரு சொல்லின் கணக்கில் எழுதித் தள்ளிவிட முடியாது, தள்ளவும் மாட்டேன். அந்த நியாயமான கோபத்துக்குள் இந்தச் சொல் என்ன செய்தது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

1972 அரசியலமைப்பை ஆதரித்த தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களும், ஆளும் சுதந்திரக் கட்சியோடு நின்ற யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவும் தமிழ்த் தேசிய மேடைகளில் துரோகிகள் என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களோடு வாதாட வேண்டியவை நிறைய இருந்தன. அந்த அரசியலமைப்பை ஏன் ஆதரித்தீர்கள், அதனால் நம் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். மேடை கேள்வியை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1975 ஜூலை 27ஆம் தேதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்று ஆளும் கட்சிக்கு மாறிய பொத்துவில் உறுப்பினர் கனகரத்தினம் 1978இல் கொழும்பில் சுடப்பட்டார். முன்னாள் வட்டுக்கோட்டை உறுப்பினர் தியாகராஜா 1981 மே மாதம் மாவட்ட சபைத் தேர்தல் வேளையில் கொல்லப்பட்டார்.

சொல் அத்துடன் நிற்கவில்லை. 1980களில் இயக்கங்கள் தம் தீர்ப்புகளை மின்கம்பங்களில் எழுதின. 'துரோகி', 'சமூக விரோதி' என்ற அட்டையோடு உடல்கள் கிடந்தன. ஓர் இயக்கத்தின் போராளி மற்றோர் இயக்கத்துக்குத் துரோகி ஆனார். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் முன்னணித் தலைவரும், 1977 முதல் 1983 வரை இலங்கை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவருமான அமிர்தலிங்கத்தையும் அதே சொல் வந்தடைந்தது. 1989 ஜூலை 13ஆம் தேதி பேச வந்தவர்களாக வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அவரையும் அவருடைய கட்சித் தோழர் யோகேஸ்வரனையும் கொன்றார்கள். இன்னொரு தோழர் சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாண மேயரானார். அதே ஆண்டு அவரும் கொல்லப்பட்டார். அதிகாரப் பகிர்வுக்குச் சட்ட வரைவு எழுதிய நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம, அந்த நூல் வெளிவரும் முன்பே 1989 செப்டம்பர் 21ஆம் தேதி யாழ்ப்பாணத் தெருவில் சுடப்பட்டார்.

துப்பாக்கியை எடுத்தவர்கள் மேடையில் பேசியவர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் சுட்ட கைகள் தமக்கென்று புதிய சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. தலைவர்கள் பல ஆண்டுகள் பேசிப் பேசி, ஒருவரைக் கொல்வதற்கு விசாரணை தேவையில்லை என்று ஆக்கிவைத்திருந்த சொல் தயாராக இருந்தது. அந்தச் சொல்லை எதிரியின் மேல் வீசிய தலைமுறை, அது தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, 'நாங்கள் செய்தது என்ன என்று கேளுங்கள்' என்று முறையிடவும் வழியில்லாமல் போனது. அந்த வழியை அடைத்தது அந்தச் சொல்தான். தமிழ்நாட்டு மேடை யாழ்ப்பாணம் ஆகிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, ஆட்சி மாறுகிறது. நம் கட்சிகளுக்குப் பெருமை தரும் நிலை அது. அந்த நிலையைக் காக்க வேண்டியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர்கள் நீங்கள்.

உங்கள் பக்கத்து மறுமொழிகளும் எனக்குத் தெரியும். 'உண்மையிலேயே துரோகம் செய்பவர்கள் இல்லையா?' என்பீர்கள். இருக்கிறார்கள். ஒரு சின்னத்தில் வென்று இன்னொரு பக்கம் தாவுகிறவர் வாக்காளரை ஏமாற்றுகிறார்தான். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அதற்காகத்தான் எழுதப்பட்டது. அந்தச் சட்டம் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டுக்கொடுத்தாரா, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாரா என்று செயலைக் கேட்கிறது. 2017 செப்டம்பரில் அ.தி.மு.க.வின் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது, ஆளுநரிடம் மனுக் கொடுத்தது கட்சியை விட்டதாகுமா என்பது கேள்வியாயிற்று. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு தந்தார்கள். அக்டோபரில் மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். ஓராண்டுக்கும் மேல் கற்றறிந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டியிருந்த விஷயத்தை மேடையில் நாம் ஒரு நொடியில் முடித்துவிடுகிறோம்.

'எதிர்க்கட்சிக்காரன் சொல்கிறானே, நாங்கள் மட்டும் வாயைக் கட்டிக்கொள்வதா?' என்பது அடுத்தது. அவர் சொன்னதற்கு உங்கள் விளக்கத்தைத் தேதியோடும் ஆதாரத்தோடும் தந்தால், பெயர் மட்டும் வைத்திருப்பவர் வெறுங்கையோடு நிற்பது கூட்டத்துக்குத் தெரியும். 'கைதட்டல் அதற்குத்தானே விழுகிறது' என்பதும் உண்மை. இன்று அந்தக் கைதட்டல் அரை நிமிடக் காணொளியாக வெட்டப்பட்டு உலகம் முழுக்கப் போகிறது. நீங்கள் முன்னால் சொன்ன காரணமும் பின்னால் சொன்ன திருத்தமும் அதில் இருக்காது. பழைய நாளில் பேச்சு முழுதையும் கேட்டவர்தான் வீட்டுக்குப் போனார். இப்போது அந்த ஒரு சொல் மட்டும் தனியாகப் பயணம் செய்கிறது. ஆகவே முன்பைவிட உங்கள் பொறுப்பு கூடியிருக்கிறது.

நான் கேட்பவை மூன்று. முதலாவது, பெயருக்கு முன்னால் செயலைச் சொல்லுங்கள். எந்தத் தீர்மானம், எந்த வாக்கு, எந்த அரசாணை, எந்த ஒப்பந்தம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லி முடித்த பிறகும் துரோகி என்ற சொல் தேவைப்படுகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

இரண்டாவது, தனிமனிதரை விட்டு ஒரு கூட்டத்தின் மேல் இந்தச் சொல்லை ஏற்றாதீர்கள். ஒரு மதத்தார், ஒரு சாதியார், வேறு மொழி பேசுவோர், ஒரு தொகுதியில் மாற்றி வாக்களித்தவர்கள் என்று எவரையும் 'தேசத்துரோகி', 'இனத்துரோகி' என்று மொத்தமாகக் குறிக்காதீர்கள். தலைவருக்குத் தன்னைக் காக்க ஆட்களும் வழக்கறிஞரும் உண்டு. கூட்டத்தின் ஓரத்தில் பலூன் விற்றுக்கொண்டிருக்கும் ஒருவர், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இரவில் தனியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். கட்சிகள் பல இன்று இளைஞர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருகின்றன. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும் என்று சொல்லித் தருகிறீர்கள். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதை மறுக்கவும் சொல்லிக்கொடுங்கள். அப்படிப் பழகிய பேச்சாளருக்கு ஆதாரம் போதாத இடத்தில் வசவைத் தேட வேண்டியிராது.

உங்களிடம் வேண்டுகோள் வைத்துவிட்டு, பேச்சைக் கேட்க வரும் நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. ஆதாரத்தோடு வரும் குற்றச்சாட்டுக்கு, அது எங்கள் கட்சிக்கு எதிரானதாகவே இருந்தாலும், காதுகொடுப்போம். பெயர் மட்டும் சூட்டுகிற பேச்சுக்குக் கைதட்ட மாட்டோம். அந்தக் காணொளியை மற்றவருக்கு அனுப்ப மாட்டோம். 'என்ன செய்தார், எப்போது செய்தார், சொல்லுங்கள்' என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் கீழேயிருந்து ஒரு குரல் வந்தால் அதை எதிர்க்கட்சிக்காரனின் குரல் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பேச்சை மதித்துக் கேட்க வந்தவரின் கேள்வி அது. அடுத்த தேர்தல் கூட்டத்தில் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பேசுங்கள். அந்த இடத்தில் நீங்கள் வைக்கப்போகும் ஆதாரத்தைக் கொண்டுதான் எங்கள் வாக்கை முடிவு செய்ய விரும்புகிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் கூட்டங்களுக்கு வரும் ஒரு வாக்காளர்